பழைய ஜேசிபி, டிராக்டர், கம்ப்ரசர்: டீசல் டேங்கில் தண்ணீரும் மண்டியும் சேர்ந்தால் என்ன செய்வது?

செகண்ட் ஹேண்டில் ஒரு ஜேசிபியோ பொக்லைனோ டிராக்டர் கம்ப்ரசரோ வாங்கியிருக்கிறீர்கள். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பக்கெட்டை மண்ணில் குத்தி இழுக்கும்போது திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஃபில்டரை மாற்றினால் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் மறுபடி அதே கதை. இப்படி இருந்தால் நாசிலுக்கு டீசல் தள்ளும் பம்ப்பைக் கழற்ற வேண்டாம், முதலில் டேங்கின் அடியைப் பாருங்கள். அடியில் கிடக்கும் துருச் செதிலும் கசடும் டீசல் உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றதும் இழுப்பு நின்று அது கீழே விழுந்துவிடும். அதனால்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, ஏனென்றால் ஃபில்டருக்கு வருவதற்கு முன்னாலேயே அடைப்பு.

நம் பக்கம் இந்தப் பிரச்சினை அதிகம், காரணமும் இருக்கிறது. 2012-ல் மதுரை மாவட்டத்து மேலூர், கீழவளவு பக்கம் கிரானைட் குவாரிகள் மூடப்பட்டபோது எத்தனையோ இயந்திரங்கள் வெயிலிலும் மழையிலும் நின்றன. இன்றைக்கும் வேலை இல்லாத மாதங்களில் வண்டியைப் புளியமரத்தடியில் அரை டேங்க் டீசலோடு விட்டுவிட்டுப் போவது சாதாரணம். அரை டேங்க் என்றால் மீதிப் பாதி காற்று. பகலில் சூடாகி விரியும் காற்று மூடி வழியாக வெளியே போகும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக் காற்று உள்ளே வரும், அந்த ஈரம் தகட்டின் உள்பக்கம் வேர்த்து வழிந்து அடியில் சேரும். ஐப்பசி கார்த்திகையில் இது தினமும் நடக்கும். ஒரு நாளைக்குச் சொட்டுக் கணக்குதான், ஆனால் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். டீசலின் அடர்த்தி சுமார் 0.82 முதல் 0.845 வரை, தண்ணீருடையது 1, ஆகவே தண்ணீர் எப்போதும் கீழே. உறிஞ்சும் குழாய் இருப்பதும் கீழேதான்.

தண்ணீர் மட்டும் என்றால் வடித்துவிட்டுப் போய்விடலாம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் ஒரு பூஞ்சை வளரும், டீசலையே தின்று வாழும், அதன் கழிவில் அமிலம் இருப்பதால் தகடும் அரிக்கும். கறுப்பாக, வழுவழுவென்று, விரலில் எடுத்தால் நூல் விடும் பாசி அது. பலரும் இதைக் கிரீஸ் கலந்துவிட்டது என்றோ எவனோ எதையோ ஊற்றிவிட்டான் என்றோ நினைத்து ஆப்பரேட்டரைத் திட்டுவார்கள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வரும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான், பிஎஸ்-3 காலத்தில் அது 350. கந்தகம் குறைந்தது ஊருக்கு நல்லது, பூஞ்சைக்கும் நல்லதாகப் போய்விட்டது என்கிறார்கள். எப்படியானாலும் தண்ணீர் இல்லாத டேங்கில் அது பிழைக்காது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் சோதனை

இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில் காலையில் என்ஜினை ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். வண்டியை வடி பிளக் இருக்கும் பக்கம் கொஞ்சம் தாழ்வாக நிற்கும்படி முதல் நாள் மாலையே நிறுத்திவிடுங்கள். பிளக்கை லேசாகத் தளர்த்தி, தெளிவான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முதலில் வருவதைப் பிடியுங்கள். பிளக் துருப்பிடித்து அசையவில்லையா, வலுக்கட்டாயமாகத் திருப்பி அடிப்பகுதியையே பிய்த்துவிடாதீர்கள். ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒருநாள் விடுங்கள். அதுவரைக்கும் மேலே மூடி வழியாக ஒரு கண்ணாடி டியூப்பை விட்டுப் பார்க்கலாம்: மேல்முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அடி தட்டும்வரை இறக்கி, விரலை எடுத்து, மறுபடி மூடித் தூக்கினால் அடியில் இருப்பது அப்படியே டியூப்புக்குள் வரும். வாயால் உறிஞ்சவே கூடாது. எல்லா சைட்டிலும் ஒருவர் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார், ஆனால் ஒரு மடக்கு டீசல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை இழுத்துவிடும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பாட்டிலை நிழலில் சில மணி நேரம் வையுங்கள். அடியில் தெளிவாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் கறுப்பு ஆடை மிதந்தால் பூஞ்சை. செங்கல் நிறத்தில் தூள் படிந்தால் துரு. முழுக்க மங்கலாக, மோர் கலந்த மாதிரி இருந்து தெளியவே இல்லை என்றால் தண்ணீர் நுண்ணிய துளிகளாகக் கலந்திருக்கிறது, அந்த டீசலை அந்த வண்டிக்குத் திரும்ப ஊற்ற நினைக்காதீர்கள். கழற்றிய பழைய ஃபில்டரையும் தூக்கிப் போடாமல் அறுத்துப் பாருங்கள், காகித மடிப்பில் இருப்பது துருவா பாசியா என்று அதுவே சொல்லிவிடும்.

வண்டி வாங்கப் போகும்போதும் இந்தப் பாட்டில் கையில் இருக்கட்டும். விலை பேசுவதற்கு முன் அடி டீசலைப் பிடித்துக் காட்டினால் பேச்சின் தொனியே மாறும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பத்து லிட்டர் சுத்தமான கேனில் புது டீசல் ஊற்றி, என்ஜினை விட உயரத்தில் கட்டி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி அந்த இடத்தில் கேனிலிருந்து ஒரு புது ஹோஸ் கொடுங்கள். ஃபில்டர்களையும் மாற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் கேனுக்கே திருப்ப வேண்டும், மறந்தால் நல்ல டீசல் எல்லாம் அழுக்கு டேங்குக்குள் போய்ச் சேரும். குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டு (ஏர் எடுப்பது என்பது இதுதான், எப்படி என்று கீழே இருக்கிறது) அரை மணி நேரம் லோடில் ஓட்டுங்கள். திணறாமல் ஓடினால் பம்ப்பும் நாசிலும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்கிலும் குழாயிலும்தான். கேனிலும் திணறினால் மட்டும் பம்ப் கடைக்குப் போங்கள். இதைச் செய்யாமல் நேராகப் பம்ப்பைக் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டி, அதே அழுக்கு டீசலை அதற்குள் மறுபடி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிராக்டர்களில் வரும் ரோட்டரி பம்ப்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு எண்ணெய் கிடையாது, உள்ளே இடைவெளி மைக்ரான் கணக்கு; தண்ணீர் போனால் சொரசொரப்பாகிப் பிடித்துக்கொள்ளும். இன்லைன் பம்ப் கொஞ்சம் பொறுக்கும், அதற்காக அதைச் சோதிக்க வேண்டாம். அடியில் தண்ணீர் இருப்பது தெரிந்துவிட்டால் "இந்த ஒரு லோடை மட்டும் முடித்துவிட்டு" என்ற பேச்சே கூடாது.

டேங்கைக் காலி செய்வது

விடியற்காலையில் ஆரம்பியுங்கள். டீசல் தீப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. இந்திய டீசலுக்கான தரநிலை ஐ.எஸ். 1460 கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி. சித்திரை, வைகாசியில் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கும், வெயிலில் நிற்கும் இரும்பு டேங்க் அதற்கும் மேல். அந்த நேரத்தில் டேங்குக்குள் இருக்கும் ஆவி பொறி பட்டால் பிடிக்கும் நிலையில் இருக்கலாம். ஆகவே பீடி, சிகரெட், கிரைண்டர், ஒயர் போட்ட குண்டு பல்ப் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். உள்ளே பார்க்க பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச்சை வெளியில் வைத்தே அடியுங்கள்.

முதலில் வரும் அழுக்குப் பகுதியைத் தனிக் கேனில் பிடியுங்கள். நிறம் தெளிந்ததும் மீதியை வேறு பேரலில் பிடியுங்கள். இந்த இரண்டாவது பகுதியில் பூஞ்சை இல்லை என்றால் இரண்டு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடியிலிருந்து நாலு விரல் விட்டு மேலே இருப்பதை மட்டும் எடுத்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வழியாகவிட்டுப் பயன்படுத்தலாம். வேட்டித் துணியில் வடிகட்டினால் மண் நிற்கும், தண்ணீர் நிற்காது, நூல் துணுக்கு வேறு சேரும். பாசி இருந்த டீசலை நான் எந்த வண்டிக்கும் ஊற்ற மாட்டேன். அதையும் கசடையும் பழைய ஆயில் வாங்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ கவிழ்த்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அது மாடு குடிக்கும் தண்ணீரில் நிற்கும்.

கழுவுவது

இரும்பு டேங்கா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. டிராக்டரில் பானெட்டுக்கு அடியில் இருப்பதால் அரை நாளில் கழற்றிவிடலாம், கழற்றிச் செய்வதுதான் நல்லது. பெரிய பொக்லைனில் டேங்கை இறக்க கிரேன் தேவைப்படலாம், அதனால் கை விடும் மூடியோ மிதவை கேஜ் பொருத்திய மூடியோ இருந்தால் அதைத் திறந்து அங்கேயே செய்ய வேண்டியதுதான். கேஸ்கெட் கிழியும் என்பதால் புதிதாக ஒன்றை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே டீசல் ஆடாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும். கசடு எல்லாம் அவற்றின் மூலையில்தான் ஒளிந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் டேங்க் பளபளவென்று தெரியும், ஏமாறாதீர்கள். கழற்றிய டேங்க் என்றால் சூடான சோப்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, பிரஷர் வாட்டரை எல்லாத் துளையிலும் விட்டு அடியுங்கள். பாசி போக சோப்பு போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும். துருவுக்கு ஒரு துண்டுச் சங்கிலியை உள்ளே போட்டு அரை மணி நேரம் உருட்டுவது நல்ல வழி. சிலர் ஜல்லிக்கல் போடுவார்கள், அதில் ஒன்றிரண்டு தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆயுசுக்கும் கடகடவென்று சத்தம் போடும். சங்கிலி என்றால் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிடலாம்.

அப்படியும் போகாத துருவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். பத்து லிட்டர் வெந்நீருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கலந்து, டேங்கை நிரப்பி ஒரு இரவு விடுங்கள். காலையில் ஊற்றிவிட்டு, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் ஒரு முறையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறையும் அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள், ஊற்றாதீர்கள், அது துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், காய்ந்த மறுமணி நேரத்தில் புதுத் துரு பூக்கும். அலுமினிய டேங்க் என்றால் காஸ்டிக் சோடா பக்கமே போகக்கூடாது.

தண்ணீர் விட்டுக் கழுவியதற்குப் பிறகு காயவைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஒரு நாள் நம் ஊர் வெயிலில் எல்லாத் துளையும் திறந்து, வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்துப் போடுங்கள், இடையிடையே கம்ப்ரசர் காற்று அடியுங்கள். முழுக்கக் காய்ந்ததும் ஒரு லிட்டர் சுத்தமான டீசலைவிட்டு நாலு பக்கமும் உருட்டி நனைத்துவிட்டால் துரு திரும்பப் பிடிக்காது. வண்டியிலேயே வைத்துக் கழுவும்போது தண்ணீரே வேண்டாம், டீசலை வைத்தே மூன்று நான்கு முறை அலசுங்கள், நீளக் குச்சியில் பஞ்சு உதிராத துணியைச் சுற்றி மூலைகளைத் துடையுங்கள், காந்தத்தைக் குச்சியில் கட்டித் துருச் செதிலைப் பொறுக்குங்கள்.

ஓட்டை தெரிந்தால்? வெல்டிங் வைக்கத் தோன்றும். காலியான டீசல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே ஆவியும் காற்றும் கலந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் மட்டும் போதாது, மடிப்புகளுக்குள் இருக்கும் டீசல் சூட்டில் மறுபடி ஆவியாகும். ரோட்டோரப் பட்டறையில் "ஒரு டேக் மட்டும் போட்டுத் தாங்க" என்று கொடுக்கவே கொடுக்காதீர்கள். கப்பலூர், கே. புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்து, டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரைப் பிடியுங்கள், உள்ளே தண்ணீர் நிரப்பியோ வேறு வழியிலோ ஆவியை எப்படி வெளியேற்றுகிறார் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தகடு பல இடத்தில் மெலிந்துவிட்டது என்றால் புது டேங்க் செய்துகொள்வதே மலிவு, ஆனால் ஜிஐ தகட்டில் செய்ய வேண்டாம். துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒன்றாகி ஃபில்டரை அடைக்கும்.

குழாய், ஃபில்டர், மூடி

டேங்க் சுத்தமாகிவிட்டது, அப்படியே மாட்டிவிடாதீர்கள். உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் சல்லடை, ஃபீட் பம்ப்பின் உள்ளே போகும் போல்ட்டுக்குள் இருக்கும் குட்டிச் சல்லடை, கண்ணாடிக் கிண்ணம், இவை மூன்றையும் கழற்றிக் கழுவுங்கள். அந்தக் குட்டிச் சல்லடை இருப்பதே பல புது மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. ரப்பர் ஹோஸ் பழையது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்தோல் உரிந்து வால்வு மாதிரி மூடிக்கொள்ளும். செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், பழையதில் காற்று இழுக்கும். துணி ஃபில்டர், பேப்பர் ஃபில்டர் இரண்டும் சேர்ந்த பழைய இரட்டை ஃபில்டர் என்றால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

மூடியை மறக்காதீர்கள். அதில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும், அது மண்ணடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி என்ஜின் நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் இதுதான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே. மூடி தொலைந்து போய் பாலிதீன் பையைக் கட்டி ஓட்டும் வண்டிகளைப் பார்க்காத ஆள் உண்டா? கழுத்தில் இருக்கும் சல்லடைக் கூடையை, டீசல் மெதுவாக இறங்குகிறது என்று ஆப்பரேட்டர்கள் பிடுங்கி எறிந்திருப்பார்கள். புதிது வாங்கிப் போடுங்கள், சில நூறு ரூபாய் விஷயம்.

வாட்டர் செப்பரேட்டர், அதாவது தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், இல்லாத வண்டியில் ஒன்று சேர்த்துவிடுவது நல்ல செலவு. டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில், கண்ணால் பார்க்கும் உயரத்தில்.

ஏர் எடுப்பது

டேங்கில் குறைந்தது கால்வாசி நிரப்பிவிட்டு ஆரம்பியுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடியுங்கள், நுரை போய்த் தெளிவான டீசல் வந்ததும் அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து பம்ப்பின் ஏர் ஸ்க்ரூ, அதே மாதிரி. கடைசியில் நாசிலுக்குப் போகும் பைப்புகளின் நட்டை இரண்டு இரண்டாகத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் டீசல் பீச்சும், இறுக்கிவிடுங்கள். செல்ஃப்பை ஒரே மூச்சில் அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

நாசில் பைப் கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இருநூறு பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியில் ஊசி குத்தின அளவுக்குத்தான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அட்டையை நீட்டிப் பாருங்கள். கையில் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் அந்த மணி நேரமே பெரியாஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாமதித்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

திரும்ப வராமல் இருக்க

வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், மறுநாள் காலையில் என்று விட வேண்டாம். இதற்கு ஆப்பரேட்டர், ஓனர் இருவரிடமும் எதிர்ப்பு வரும், ராத்திரியில் டீசல் திருட்டுப் போகும் என்பார்கள். நியாயமான பயம்தான், பூட்டு மூடி போடுங்கள், அரை டேங்கில் விடுவதற்கு அது காரணமாக வேண்டாம்.

சைட்டில் பேரல் வைத்திருந்தால் அதை நட்டுவைத்து மழையில் விடக்கூடாது. மேல்மூடியின் விளிம்புக்குள் தண்ணீர் தேங்கும், இரவில் பேரல் குளிர்ந்து சுருங்கும்போது மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கூரைக்குக் கீழே வையுங்கள், முடியாவிட்டால் சாய்த்துப் படுக்கப்போடுங்கள். கைப் பம்ப்பின் குழாய் பேரலின் அடியைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும். கேனைத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே பங்குக்கு எடுத்துப்போகும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதித் தொல்லை குறையும்.

பங்க் மேல் சந்தேகம் வந்தால் சண்டை போடத் தேவையில்லை. அடர்த்திச் சோதனை கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு; 15 டிகிரிக்கு மாற்றிய அடர்த்தி அங்கே பதிந்திருப்பதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக்கூடாது. கலப்படத்துக்கு அது சரி, நிலத்தடித் தொட்டியின் அடியில் கிடக்கும் தண்ணீரை அது காட்டாது. அதற்கு அளவுக்கோலில் தடவும் பேஸ்ட் இருக்கிறது, தண்ணீர் பட்ட இடம்வரை நிறம் மாறும். மழை பெய்த மறுநாள், அல்லது டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது நிரப்ப வேண்டாம், அப்போது அடி கலங்கியிருக்கும்.

பூஞ்சை கொல்லும் மருந்து கடையில் கிடைத்தால் டேங்கைச் சுத்தம் செய்ததற்குப் பிறகு, புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். அழுக்கு டேங்கில் ஊற்றினால் செத்த பாசி எல்லாம் ஒரே நாளில் கழன்று ஃபில்டருக்கு வரும்.

கழுவி மாட்டிய பிறகு முதல் வாரம் தினமும் காலையில் செப்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்து ஒரு டம்ளர் வடித்துப் பாருங்கள். ஐம்பது மணி நேரம் ஓடியதும் ஃபில்டரை ஒருமுறை மாற்றி, பழையதை அறுத்துப் பாருங்கள். லேசாகத் துருத்தூள் இருந்தால் பரவாயில்லை, குழாய்களில் மிச்சம் இருந்தது வந்திருக்கும். கறுப்புப் பாசி தெரிந்தால் எங்கோ ஒரு மூலை கழுவப்படாமல் இருக்கிறது, பெரும்பாலும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால். டேங்கை மறுபடி இறக்க வேண்டியதுதான்.